கோடும் கூடையும்

ஏழுபடி நாடு என்று ஒரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், கிடைக்காது. ஒரே ஒரு மலை, அதன் சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏழு ஊர்கள், நாடு அவ்வளவுதான். அடிவாரத்து ஊருக்கு முதல் படி என்று பெயர். உச்சியில் அரண்மனை இருந்த ஊர் ஏழாம் படி. கீழ்ப்படிக்காரர்களுக்கு வெயில் அதிகம். மேல்படிக்காரர்களுக்குப் பேச்சு அதிகம்.

அந்த நாட்டு மன்னருக்குக் குளிர்காவலர் என்று பட்டம். முதல் மன்னர் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்து குளிரை வரமாக வாங்கி வந்தார் என்றும், அவர் வம்சம் அரியணையில் இருக்கும்வரை குளிர் ஒரு படிகூடக் குறையாது என்றும் பாடப் புத்தகத்தில் இருந்தது. அண்டை நாட்டார் யாரும் படையெடுத்து வராததற்கும் குளிர்தான் காரணம் என்று அதே புத்தகம் சொன்னது. வந்தால் அள்ளிக்கொண்டு போக அங்கே என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. மற்ற ஊர்களில் குளிர் என்றால் மார்கழி. ஏழுபடி நாட்டில் குளிர் என்றால் அரசாங்கம்.

இந்தக் குளிரால் குடிமக்களுக்கு உண்மையிலேயே ஒரு நன்மையும் இருந்தது. முன்பு எப்போதோ கடல் கடந்து வந்த தானிய மூட்டையோடு ஒரு புழு அடிவாரத்தில் வந்து இறங்கியது. சோளப் பயிரின் குருத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு உள்ளேயிருந்தே தின்று தீர்க்கிற ரகம். வரத்தான் என்று பெயர் வைத்தார்கள். புகை போட்டுப் பார்த்தார்கள், வேப்பங்கரைசல் தெளித்துப் பார்த்தார்கள், குருத்துக்குள் மண்ணை அள்ளிப் போட்டுப் பார்த்தார்கள். வரத்தான் எதற்கும் அசையவில்லை. அது பயந்தது உறைபனிக்கு மட்டும்தான். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடக்கும்போது மேலே பனி விழுந்தால் செத்துப்போகும். பனி விழுகிற ஊரில் சோளம் விதைக்கலாம். விழாத ஊரில் கொள்ளும் கிழங்கும்தான். அந்த இரண்டையும் வரத்தான் திரும்பிக்கூடப் பார்க்காது.

பனி எதுவரை விழும், புழு எதுவரை ஏறும் என்று விதைப்புக்கு முன்பே சொல்வதற்கு நாட்டில் ஒரு உத்தியோகம் இருந்தது. கோட்டுக்காரர் என்பார்கள். இந்தக் கதை நடந்தபோது அந்த வேலையில் இருந்தவள் மாராயி. ஐம்பது வயது. முகத்துக்கு நேரே பேசுகிற வாய். மார்கழி முழுக்க ஒவ்வொரு படியிலும் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடிந்ததும் பனி ஏடு கட்டியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பாள். மண்ணைத் தோண்டிக் கூட்டுப்புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். கைச்சூட்டில் அது வாலை ஆட்டினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். சட்டியில் முட்டையைப் பொரிக்க விட்டு, அது அந்துப்பூச்சியாகிப் பறக்க எத்தனை நாள் ஆகிறது என்று சுவரில் கரியால் கீறி வைப்பாள். அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் நாற்பது கீறல். இப்போது இருபத்தெட்டு.

இதையெல்லாம் சேர்த்து யோசித்து, தை பிறந்ததும் மலையின் குறுக்கே சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு போடுவாள். கோட்டுக்குக் கீழே கொள்ளு, மேலே சோளம். இருபது வருடமாக அந்தக் கோடு மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில் இருந்தது.

அந்த நாட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. உத்தியோகஸ்தர்களுக்குச் சம்பளம் தானியம்தான். விதைப்புக்கு முன்னால் அவரவர் ஒரு கூடையைக் கொண்டுபோய் ஏதாவது ஒரு ஊரில் வைத்துவிட வேண்டும். அந்த ஊர் விளைந்தால் கூடை நிறையும், வருடம் முழுக்கச் சோறு. விளையாவிட்டால் அவர்கள் பாடு. வைத்த கூடையை அறுவடைவரை நகர்த்தக் கூடாது. மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த ஊரில் வைக்கலாம். கோட்டுக்காரி மட்டும் கோட்டுக்கு மேலே இருக்கிற முதல் ஊரில் வைப்பாள். சட்டத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. புழு வராது என்று எந்த ஊரைச் சொன்னாளோ அந்த ஊர்ச் சோற்றைத்தான் அவளும் தின்ன வேண்டும் என்று முன்னால் இருந்தவர்கள் வைத்த பழக்கம். ஆகவே மாராயியின் கூடை இருபது வருடமாக நான்காம் படியில், அவள் தங்கை காளியாத்தா வீட்டு வாசலில் தொங்கியது.

நான்காம் படிக்கு ஒரு பெருமை உண்டு. அங்கே விளைந்த பால்சோளம் வேறு எங்கும் கிடையாது. வீட்டுக்கு வீடு பானையில் விதை எடுத்து, சாம்பல் கலந்து, வாயை மண்ணால் பூசி வைப்பார்கள். அந்த விதை ஒரு தடவை கைவிட்டுப் போனால் திரும்ப வாங்குவதற்கு உலகத்தில் இன்னொரு ஊர் இல்லை.

இந்த நிலையில்தான் நான்காம் படியில் மூன்று மார்கழியாகக் குறைந்துகொண்டே வந்த பனி அந்த வருடம் அறவே விழவில்லை. தாம்பாளத்துத் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. தோண்டி எடுத்த புழு ஒவ்வொன்றும் உள்ளங்கையில் வாலை ஆட்டியது. கோட்டை நான்காம் படிக்கு மேலே ஏற்றியாக வேண்டும் என்று சொல்வதற்காக மாராயி ஒரு கூட்டுப்புழுவை இலையில் மடித்து எடுத்துக்கொண்டு அரண்மனைக்கு ஏறினாள்.

அரண்மனையில் மன்னர் இரட்டைக் கம்பளி போர்த்தி அமர்ந்திருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு பேர் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். குளிர்காற்றை நாட்டுக்குள் அனுப்பி வைக்கும் சடங்கு என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. பக்கத்தில் குளிர்த்துறை அமைச்சர் கோமளநாதர் நின்றிருந்தார். தூய தமிழில் பேசுவதற்காகவே பிறந்தவர் என்று பெயரெடுத்த மனிதர்.

மாராயி கும்பிட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். "இந்த வருசம் கோட்ட ஒரு படி மேல போடோணுங்க. நாலாம் படியில சோளம் வெதச்சா புழு விடாதுங்க."

கோமளநாதர் புன்னகைத்தார். "கோடு ஒரு படி மேலே போனால் மாமன்னரின் குளிர் ஒரு படி குறைந்துவிட்டது என்று பொருள்படும். அப்படியொரு பொருளை இந்த அரசு அனுமதிக்கவில்லை."

"பொருளு எனக்குத் தெரியாதுங்க. புழு வருதுங்க."

"வருவதற்கு அது அனுமதி பெற்றிருக்கிறதா?"

மாராயி இலையைப் பிரித்து, கூட்டுப்புழுவை உள்ளங்கையில் வைத்து மன்னருக்கு முன்னால் நீட்டினாள். சற்று நேரத்தில் அது வாலை ஆட்டியது. சபையில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கண்டருள வேண்டும் மாமன்னா," என்றார் கோமளநாதர். "குளிரில் நடுங்குகிறது."

சபை கைதட்டியது. மன்னருக்கு மனம் நிறைந்தது. அன்றே ஆணை வந்தது. கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். கோட்டுக்கு மாறாகப் புழு பற்றி வாயால் முன்கூட்டிச் சொல்வது குற்றம். சொன்னவருக்குச் சிறை, கேட்ட ஊரைக் காலி செய்து முதல் படிக்கு இறக்கிவிடுவார்கள்.

மாராயி திரும்பி வந்தாள்.  சுண்ணாம்பைக் கரைத்து, சொன்ன இடத்தில் சொன்ன மாதிரியே கோட்டைப் போட்டாள். அதுவும் கோணல் இல்லாமல்.

சித்திரையில் கூடை வைக்கும் நாள் வந்தது. தங்கை வீட்டு வாசலில் தொங்கிய கூடையை எடுத்தாள். சாணி போட்டு மெழுகினாள். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நான்காம் படித் தெருவில் நடுவாக நடந்து, ஊரைத் தாண்டி, ஐந்தாம் படிக்கு ஏறிப்போய் அங்கே ஒரு வீட்டு வாசலில் மாட்டிவிட்டு வந்தாள். கோடும் கூடையும் பிரிந்ததை அந்த நாட்டில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

காளியாத்தா வாசலில் காத்திருந்தாள். "ஏக்கா, கோடு எங்களுக்குக் கீழ இருக்குது, உன்ற கூடை எங்களுக்கு மேல போயிருச்சு. நான் எதப் பாத்து வெதைக்கறது?"

"நான் ஒண்ணுஞ் சொல்லக் கூடாது புள்ள. சட்டம்."

"சொல்லாட்டிப் போ."

"நீயே ரோசன பண்ணு. நான் கோட்ட வழிச்சா தின்னப்போறேன்? கூடையில வர்றதத்தான திங்கோணும்."

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வருடம் நான்காம் படி முழுக்கக் கொள்ளு விதைத்தது. பால்சோள விதை பானைக்குள் பத்திரமாக இருந்தது. ஆனி மாதம் அந்துப்பூச்சிகள் படை படையாக மேலே ஏறி வந்தன. கொள்ளுச் செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, முட்டையிடச் சோளக் குருத்து ஒன்றும் கிடைக்காமல் செத்தன.

முன்கூட்டிச் சொல்கிற வேலையில் இருக்கிற சங்கடம் இதுதான். சொன்னதைக் கேட்டு ஊர் தப்பித்துக்கொண்டால், சொன்னது பொய் என்று ஆகிவிடும். ஆவணியில் கோமளநாதர் நான்காம் படியைப் பார்வையிட வந்தார். வயலில் ஒரு புழுகூட இல்லை. பெருமிதத்தோடு குடிமக்களைக் கூட்டினார்.

"அரசு என்ன சொன்னது? நான்காம் படிக்குப் புழு வராது என்றது. வந்ததா?"

"வரலைங்க," என்றார்கள். உண்மை அதுதானே.

"அப்படியிருக்க, மாமன்னரின் குளிரை நம்பாமல் கொள்ளு விதைத்தது யார் செய்த சதி?"

 ஐந்தாம் படியில் தொங்கிய கூடையைக் காவலர்கள் கொண்டுவந்து காளியாத்தா வீட்டு வாசலில் ஆணியடித்து மாட்டினார்கள். இனிக் கோட்டுக்காரியின் கூடையை அரசே வைக்கும், அது கோட்டை விட்டு ஒரு முழமும் விலகாது என்று அறிவிப்பு வந்தது. மாராயியும் அந்த வாசலிலேயே குடியிருந்து, அந்தக் கூடையில் வருவதையே சாப்பிட வேண்டும். அடுத்த வருடம் நான்காம் படியில் காவலர் முன்னிலையில் சோளம் விதைக்கப்படும்.

மார்கழி வந்தது. பனி வரவில்லை. அமைச்சகம் பதறவில்லை. விடிவதற்குள் ஆட்கள் வந்து புல் மேல் சுண்ணாம்புத் தூளைத் தூவினார்கள். விடிந்ததும் பனி முரசு கொட்டினார்கள். வீட்டை விட்டு வெளியே வருபவர்கள் கம்பளி போர்த்தியிருக்க வேண்டும் என்று உத்தரவு. சுண்ணாம்புப் புல்லைத் தின்ற ஆடுகளுக்கு வாய் வெந்தது. குளிர்ப்புண் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார்.

சித்திரையில் காவலர்கள் வீடு வீடாகப் புகுந்து விதைப் பானைகளை எடுத்து வந்து வயலில் கொட்டினார்கள். காளியாத்தா வீட்டில் மூன்று பானை இருந்தது. இரண்டைத்தான் எடுத்தார்கள். மூன்றாவதை அவள் அடுப்பங்கரையில் குழி தோண்டிப் புதைத்து மேலே உரலை நகர்த்தி வைத்திருந்தாள்.

சோளம் முழங்கால் உயரம் வந்தபோது குருத்தில் ஓட்டை விழுந்தது. பத்து நாளில் வயல் முழுக்கக் குச்சி குச்சியாக நின்றது. காலையில் வயலோரம் போனால் மெல்லுகிற சத்தம் காதில் விழுந்தது. மாராயி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு இது எந்த வாரம் வரும் என்றுகூடத் தெரிந்திருந்தது. அந்த வாரத்திலேயே வந்திருந்தது.

கோமளநாதர் வந்தார். ஒரு புழுவைக் குச்சியால் எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இது வரத்தான் அல்ல," என்றார்.

"வேற என்னதுங்க?" என்றாள் மாராயி.

"வரத்தான் கோட்டைத் தாண்டாது. இது கோட்டுக்கு மேலே இருக்கிறது. ஆகவே இது வரத்தானாக இருக்க முடியாது. இந்த மண்ணுக்குள்ளிருந்து வந்தது. மண்ணின் மைந்தன்."

"தின்னுபோட்டுதுங்களே."

"தன் மண்ணில் விளைந்ததைத் தான் தின்ன ஒரு மைந்தனுக்கு உரிமை இல்லையா?"

அன்று முதல் நான்காம் படியில் புழுவை நசுக்குவது உள்நாட்டுக் குடியைத் துன்புறுத்தும் குற்றமாயிற்று. அந்த வருடம் ஊர் கிழங்கைத் தோண்டித் தின்றது. மாராயியின் கூடையில் ஒரு தானியம்கூட விழவில்லை. தங்கை கொடுத்த கஞ்சியில் காலம் போனது.

கொஞ்சம் முணுமுணுப்பு கிளம்பியது. உடனே அரண்மனை தேர்தல் வைத்தது. கேள்வி ஒன்றே ஒன்று: நாட்டில் குளிர் இருக்கிறதா? இருக்கிறது என்பவர்கள் கம்பளி போர்த்திக்கொண்டும், இல்லை என்பவர்கள் கம்பளி இல்லாமலும் வந்து நிற்க வேண்டும். கம்பளி இல்லாமல் வெளியே வருவது ஏற்கனவே குற்றம். ஏழு படியும் வேர்க்க வேர்க்க வரிசையில் நின்றது. மண்ணின் மைந்தர்கள் வர முடியாததால் அவர்கள் சார்பில் அமைச்சரே வாக்களித்தார். குடிமக்கள் தொகையைப் போலப் பல ஆயிரம் மடங்கு வாக்கில் குளிர் வென்றது.

மூன்றாம் வருடம். நான்காம் படியில் விதை என்று மிஞ்சியது காளியாத்தாவின் உரலுக்கு அடியில் இருந்த ஒரு பானை மட்டும்தான். ஒளித்து வைத்த விஷயம் ஊருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஆனாலும் யாரும் மேலே போய்ச் சொல்லவில்லை. அந்த மட்டுக்கு நல்ல ஊர்.

அந்த நேரத்தில் கோமளநாதருக்கு ஒரு யோசனை தோன்றியது. குடிமக்கள் கூடையைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. சித்திரை முதல் நாள் மேளதாளத்தோடு ஒரு ஊர்வலம் இறங்கி வந்தது. மன்னரின் வெள்ளிப் பூண் போட்ட கூடை, அமைச்சரின் கூடை, தளபதியின் கூடை, அரண்மனை வைத்தியரின் கூடை, எல்லாவற்றையும் நான்காம் படிச் சாவடியில் வரிசையாக வைத்தார்கள். "இந்த ஆண்டு அரசாங்கமே உங்கள் சோற்றைத்தான் உண்ணப் போகிறது," என்றார் கோமளநாதர். சிலருக்குக் கண் கலங்கியது.

மறுநாள் ஊரே காளியாத்தா வாசலில் வந்து உட்கார்ந்தது. பானையைப் பிரித்து வீட்டுக்கு இரண்டு பிடி விதை கொடுக்கச் சொல்லிக் கேட்டது. காளியாத்தா சரி என்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை விதைப்பு என்று முடிவாயிற்று.

எல்லோரும் போன பிறகு மாராயி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் புள்ள. நேத்துத்தான் மண்ணத் தோண்டிப் பாத்தேன். பிடிக்குப் பிடி புழு. இந்தப் பானையும் போச்சுன்னா பால்சோளமே இல்ல."

"எனக்குத் தெரியாதாக்கா? நீ சொன்னா நான் நம்பறேன். ஊரு நம்போணுமே. ஊரு கூடையப் பாக்குது. ராசா கூடையே இங்க இருக்குது. உன்ற கூடையும்தான் இங்க தொங்குது."

"அது அவனுக ஆணியடிச்சதுடி."

"அத வெளிய போயிச் சொல்லு பாக்கலாம். விடிஞ்சா ஊரோட முதல் படிக்கு எறக்கிருவானுக."

 வாய் இருந்தும் பேச முடியாது. கூடை இருந்தும் எடுத்து வைக்க முடியாது. இருபது வருடம் மண்ணைத் தோண்டியதற்குப் பலன், வரப்போவதை ஊருக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு தனியாகத் தவிப்பதுதானா என்று மாராயி நொந்துபோனாள்.

புதன்கிழமை உச்சிவெயிலில், ஊர் கண் அசந்திருந்த நேரத்தில், தலையோடு கம்பளி போர்த்திய ஒருவர் தனியாக அவள் வாசலுக்கு வந்தார். கம்பளியை விலக்கியபோதுதான் அது கோமளநாதர் என்று தெரிந்தது. வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து, செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். தூய தமிழை அவர் அரண்மனையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஏம்மா மாராயி, சும்மா தெரிஞ்சுக்கறதுக்குத்தான் கேக்கறேன். இந்த வருசம் எதுவரைக்கும் ஏறும்?"

"வாயால சொன்னாக் குத்தமாச்சுங்களே ஐயா."

"அது ஊருக்குப் போட்ட சட்டம். நீ என்கிட்டத்தான சொல்ற."

மாராயி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வேலையில் இருந்தவர்களுக்குப் பொய் வரவே வராது. அதுதான் அவர்களுடைய குறை. "அஞ்சாம் படி இந்த வருசம் போயிருமுங்க. ஆறு அடுத்த வருசம். உங்க ஏழாம் படி இன்னும் ரண்டு வருசந் தாங்கும்."

கோமளநாதரின் முகம் சுருங்கியது. "அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் படி இல்லீங்களே ஐயா."

 அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "கணவாய்க்கு அந்தப் பக்கத்துச் சீமை? அங்க எப்படி?"

"அது இதவிட ஒசந்த மலைங்க. பனி நிக்காம விழுகுது. இருவது வருசத்துக்குப் பயமில்லீங்க."

"அங்க ஒரு கூடைய வெச்சுட்டா நல்லதுன்னு நம்ம ஊட்டுல சொல்றாங்க. கொழந்த குட்டி இருக்குதில்ல. ஆனா கணவாய்க்குப் போற தடம் இந்த ஊரு வழியாத்தான் போகுது. அதுதான் ரோசனையா இருக்குது."

மாராயி அவருக்கு இன்னொரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "வெள்ளிக்கெழம அனுப்புங்க ஐயா. அன்னிக்கு வெதப்பு. ஊரு சனம் பூராவும் குனிஞ்சு மண்ணப் பாத்துட்டு இருக்கும். கூடைக்கும் ஒரு கம்பளியப் போத்தி கோவேறு கழுத மேல ஏத்தி விட்டுட்டா, யாரோ வயசானவங்க போறாங்கன்னு நெனச்சுக்குவாங்க."

கோமளநாதர் அவளை நன்றியோடு பார்த்தார். அரசாங்கத்தில் புத்திசாலிகள் ஏன் இவ்வளவு கீழே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. கணவாய்த் தடத்தை ஒட்டிய வயலில்தான் முதல் விதைப்பு. ஊர் முழுக்கக் கம்பளி போர்த்தி நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. காளியாத்தா பானையை இடுப்பில் வைத்திருந்தாள். வாய்ப்பூச்சை இன்னும் உடைக்கவில்லை. விதைப்பைக் கண்காணிக்கக் காவலன் மாதப்பன் கையில் தடியோடு நின்றான். ஐந்தாம் படிக்காரன், மரியாதை தெரிந்தவன், அந்த வேலைக்குக் கொஞ்சமும் பொருந்தாதவன்.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு கோவேறு கழுதை இறங்கி வந்தது. அமைச்சர் வீட்டு வேலையாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். கழுதையின் மேல் குண்டாக ஒரு உருவம் தலை முதல் அடிவரை கம்பளி மூடி உட்கார்ந்திருந்தது.

"யாருங்க போறது?" என்று மாதப்பன் கேட்டான்.

"அமைச்சரோட மாமியாரு. ஒடம்புக்குச் சொகமில்ல. காத்து மாத்தறதுக்குக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போறாங்க," என்றான் வேலையாள்.

மாதப்பன் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டான். காளியாத்தா பானையின் வாயைத் தட்டுவதற்குக் கல்லைக் கையில் எடுத்திருந்தாள். மாராயி அவளைப் பார்க்கவில்லை, கழுதையைப் பார்த்தாள். அது நிற்காமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. 

"ஏப்பா மாதப்பா," என்றாள் சாதாரணமாக. "வயசானவங்க. இந்த வெயிலுக்கு மூச்சு முட்டாது? ஒரு வாய் தண்ணி குடுத்து அனுப்பு."

மாதப்பனுக்கு மனசு கேட்கவில்லை. செம்போடு ஓடினான். வேலையாள் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தான். "அட, இருங்க. கெழவி வேர்த்துச் செத்துப்போகும்," என்று மாதப்பன் சொல்லி, மிகுந்த பணிவோடு கம்பளியைத் தலைப்பக்கம் விலக்கினான்.

கம்பளி வழுக்கிக் கீழே விழுந்தது. கழுதையின் மேல் சாணி மெழுகிய புத்தம்புதுக் கூடை உட்கார்ந்திருந்தது. விளிம்பில் குளிர்த்துறையின் முத்திரை.

வயலில் ஒருவர் மாற்றி ஒருவராக நிமிர்ந்தார்கள். கூடையைப் பார்த்தார்கள். கூடை போகிற திசையைப் பார்த்தார்கள். திரும்பிச் சாவடியில் வரிசையாக இருந்த கூடைகளைப் பார்த்தார்கள்.  வேலையாள் கம்பளியைப் பொறுக்கி அவசரமாகப் போர்த்திவிட்டு, கழுதையைத் தட்டி ஓட்டிக்கொண்டு போனான். "மாமியாருக்கு நேரமாச்சு," என்று போகிறபோது சொல்லிவிட்டுத்தான் போனான்.

காளியாத்தா கல்லைக் கீழே போட்டாள். பானையை இடுப்பில் நன்றாக ஏற்றி வைத்துக்கொண்டு வரப்பில் ஏறினாள். அவளைத் தடுக்க வேண்டியவன் மாதப்பன்தான். தடியை வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு அவள் பின்னாலேயே வந்தான்.

"ஏனுங்க்கா," என்றான் மெதுவாக. "கொள்ளு வெத இருக்குதுங்களா? எங்க ஊடு அஞ்சாம் படிங்க."

"எத்தன வேணும்?" என்றாள் காளியாத்தா.

அந்த வருடம் நான்காம் படி, ஐந்தாம் படி, ஆறாம் படி மூன்றும் யாரும் சொல்லாமலே கொள்ளு விதைத்தன. கோடு இருந்த இடத்திலேயே, சுண்ணாம்பு மங்காமல் இருந்தது. மாராயிதான் அதை வருடா வருடம் கோணல் இல்லாமல் புதுப்பித்தாள்.

மலை முழுக்க இவ்வளவு கொள்ளு ஏன் என்று மன்னர் கேட்டனுப்பினார். குளிர்த்துறை அமைச்சகம் எழுத்தில் விளக்கம் கொடுத்தது. நாட்டில் குளிர் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் கூடிவிட்டதால் குடிமக்கள் எல்லோருக்கும் சளி பிடித்திருக்கிறது, சளிக்குக் கொள்ளு ரசம் நல்லது, அதற்காகவே விதைத்திருக்கிறார்கள். மன்னர் படித்துவிட்டு மகிழ்ந்துபோனார். இப்படியொரு அறிக்கையை எழுதிய கோமளநாதருக்குச் சபையில் வைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று நாள் குறித்தார்.

குறித்த நாளில் சபை கூடியது, விசிறிகள் ஆடின, பொன்னாடையும் வந்தது. அமைச்சர் வரவில்லை. மாமியாருக்கு உடம்பு இன்னும் தேறவில்லையாம். குடும்பத்தோடு கணவாய்க்கு அந்தப் பக்கம் போயிருக்கிறார்.